ஜன்னலோரத்து உப்புமா

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் ஒரே சுவர்தான் இருக்கும். வெளிர்பச்சை டிஸ்டெம்பர் அடித்த சமையலறைச் சுவர். என் முதல் பிறந்தநாள், அம்மாவின் புதுப் பட்டுப்புடவை, பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய கோப்பை, ஊரிலிருந்து வந்த சித்தி குடும்பம் என்று எதுவானாலும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்போம். கூடத்தில் பெரிய ஜன்னல் உண்டு, நல்ல வெளிச்சமும் உண்டு. ஆனால் யாராவது கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் அப்பா பதறிக்கொண்டு ஓடி வருவார். "நக்கோ, நக்கோ, அந்தப் பக்கம் நக்கோ" என்பார். வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்தில் சொல்லும் சொல் அது. திருநெல்வேலியில் பிறந்த அப்பா ஹைதராபாத்திடமிருந்து ஆசையாக வாங்கிக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதற்குப் பின்னால் முள்கம்பி போட்ட உயரமான மதில். மதிலின் மூலையில் காவல் கோபுரம். அதன் கீழே, படம் எடுக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதிய சிவப்புப் பலகை. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அப்பா வேலை பார்த்தார்.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் பால்குடி மறக்கும் முன்பே தெரிந்துவிடும். அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'சென்ட்ரல் கவர்ன்மென்ட்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கேட்பவர்களிடம் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவ வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆய்வுக்கூடத்தின் பெயரை எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. அங்கே அப்பா முப்பது வருடத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்தார். என்ன செய்தார் என்று அம்மாவுக்கே தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் கிளம்பும்போது அவர் தன் செல்போனை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போவார் என்பதுதான். உள் கேட்டைத் தாண்டிப் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. பகல் முழுக்க அது ஃப்ரிட்ஜின் மேல் கிடந்து அதிரும். அம்மா எடுத்து, "அவிய உள்ள போயிட்டாவ, சாயந்திரம் பேசுங்க" என்பாள். 'உள்ள' என்று சொல்லும்போது அம்மாவின் குரலில் ஒரு மிதப்பு இருக்கும்.

இப்படி வாயைக் கட்டி வளர்த்த பெண் போய்ச் சேர்ந்தது, ஊரை வாய் திறக்க வைக்கிற வேலையில்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் எனக்கு இருபத்தாறு வயது. பேகம்பேட்டில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கடை வைத்திருப்பவர்களுக்கும் தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கும் திடீரென்று ஒரு கிலி பிடித்திருந்த காலம் அது. இணையத்தில் நாம் இல்லாவிட்டால் நாளைக்கு எங்குமே இல்லாமல் போய்விடுவோமோ என்ற கிலி. அவர்கள் எங்களிடம் வருவார்கள். நாங்கள் அவர்களுக்கு அந்தப் பிரபலமான சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் திறந்து, தினமும் அதில் ஏதாவது போட்டு, வாடிக்கையாளர்களோடு பேச்சுக் கொடுப்போம். வாரம் ஒரு மின்னஞ்சல், பண்டிகை நாளில் குறுஞ்செய்தி. எங்கள் மேலாளர் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். எந்தக் கேள்வியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது என்பதுதான் அதில் இருந்த ஒரே விதி.

என் பொறுப்பில் இருந்தது நாச்சாரத்தில் இருந்த ஒரு சிறிய தொழிற்சாலை. உப்புமா மிக்ஸ், அடை மிக்ஸ், புளியோதரைப் பொடி என்று பாக்கெட் போடுகிறவர்கள். முதலாளி மதுரைக்காரர். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. அவருடைய பக்கத்தில் ஈ, காக்கை இல்லை. 'ஜன்னலோரச் சிற்றுண்டி' என்று ஒரு போட்டி வைத்தேன். எங்கள் மிக்ஸில் செய்த பலகாரத்தை உங்கள் வீட்டு ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், சிறந்த படத்துக்குப் பரிசு. ஒரு வாரத்தில் வந்தவை இரண்டு. ஒன்றில் எதுவும் தெரியவில்லை. இன்னொன்றில் வேறு கம்பெனி பாக்கெட் தெரிந்தது.

மேலாளர் சிரித்துவிட்டு, "விதை போடுங்கள்" என்றார். தொழிலில் அப்போது எல்லோரும் செய்த காரியம்தான். வாடிக்கையாளர் வராவிட்டால் வாடிக்கையாளரை நாமே உண்டாக்குவது. ஒவ்வொருவர் கையிலும் ஐந்தாறு பொய்ப் பெயர்கள் இருந்தன. என் கையில் இருந்தவர்களில் ஒருத்தி எனக்கு மிகவும் பிடித்தவள். முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள், சமையலில் விருப்பம், முகத்துக்குப் பதிலாக ஒரு மல்லிகைப் பூ. பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் என்னைவிட அவளுக்கு நண்பர்கள் அதிகம்.

ஒரு புதன்கிழமை காலையில் அம்மா அந்தப் பாக்கெட் உப்புமாவையே கிண்டினாள். தட்டில் போட்டபோது ஆவி பறந்தது. கூடத்து ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. தட்டை ஜன்னல் திண்டில் வைத்தேன், ஸ்பூனைச் சரித்து வைத்தேன், முந்திரி ஒன்று மேலே தெரிகிற மாதிரி தள்ளிவிட்டேன். புது போனில் ஒரு படம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்ற விதி எனக்கு மறந்துபோகவில்லை. வெளியே இருந்த மதில் என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த மதில் அது. நான் பார்த்தது உப்புமாவை மட்டும். பஸ்ஸில் போகும்போதே மல்லிகைப் பூக்காரியின் பெயரில் படத்தைப் போட்டியில் சேர்த்தேன்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது முதல் கமெண்ட் வந்திருந்தது. யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: "படம் எடுக்கக் கூடாது என்று போர்டு வைத்த இடத்தில் உப்புமாவைப் படம் எடுத்த வீராங்கனைக்கு என் வணக்கம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்திரிக்கு நேர் மேலே சிவப்புப் பலகை. அதற்கு மேலே கோபுரம். கோபுரத்தில் நிற்கும் ஆளின் தொப்பி கூடத் தெரிந்தது. கையில் இருந்த சோறு அப்படியே நின்றது.

அதற்குள் அந்தக் கமெண்டுக்கு நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். உப்புமாவுக்கும் தடை வந்துவிட்டதா என்று ஒருவர். இனிமேல் இட்லிக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று இன்னொருவர். நாச்சாரம் முதலாளி தானே அந்தப் படத்தை மல்லிகைப் பூக்காரியின் பெயரோடு எடுத்துத் தன் பக்கத்தின் தலைப்பில் பெரிதாகப் போட்டுவிட்டார். நான் மேலாளரிடம் ஓடினேன். படத்தை எடுத்துவிடலாம், போர்டு தெரிகிறது, ஏதாவது வம்பு வரும் என்றேன். அந்தப் போர்டுக்காகத்தானே ஜனங்கள் பேசுகிறார்கள் என்றார் அவர். என்ன வம்பு, யாருக்கு வம்பு, அது என்ன இடம் என்று கேட்டார்.

அது என்ன இடம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்குத்தான் என்னை இருபத்தாறு வருடம் பழக்கியிருந்தார்கள். என் அப்பா அங்கே வேலை பார்க்கிறார் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மனிதர் கேட்டிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. சும்மாதான் சொன்னேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மல்லிகைப் பூக்காரி போட்ட படத்தை அழித்தேன். முதலாளி எடுத்துப் போட்டது அப்படியே இருந்தது. அவரை அழைத்தேன்.

"அண்ணே, அந்தப் படம் வேண்டாம்ணே. வேற நல்ல படமா நான் தாரேன்."

"என்னம்மா நீங்க! ஜனங்க பேசணும், பேசணும்னு என் தலையை உருட்டுனது நீங்கதான். இப்பத்தான் பேசுறாய்ங்க. இப்பப் போயி எடுங்கறீங்க?"

"இல்லண்ணே, அந்த போர்டு..."

"போர்டுதாம்மா நம்ம லட்சுமி" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்து கணினியைத் திறந்ததும் என் பயம் இரட்டிப்பானது. முந்தின நாள் நான் போன பிறகு யாரோ, "எந்த ஊர், எந்த ஏரியா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தின் பெயரில் பதிலும் போயிருந்தது: "காஞ்சன்பாக், ஹைதராபாத்! உங்கள் ஆர்வத்துக்கு நன்றி!" கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

மாலை ஷிஃப்ட் பார்த்தவள் கோயம்புத்தூர்ப் பெண். ஹைதராபாத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வந்ததும் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஒரு மணி நேரத்துல பதில் சொல்லோணும்ல்லங்க அக்கா? நீங்க போட்ட மொதப் படத்துலயே ஏரியா பேரு தானா வந்திருந்துச்சுங்க. அதைப் பாத்து வெச்சிருந்தேன், சொல்லிட்டேன். தப்புங்களா?"

போனில் இடம் காட்டும் வசதியை நான் அணைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிப்படி நடந்திருக்கிறாள். அந்தப் பதிலை அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பதினொரு மணிக்கு ஒரு சேலத்து அம்மாள் தமிழில் கமெண்ட் போட்டாள். "தட்டுல பேரு வெட்டியிருக்கு பாருங்க! எங்க வீட்லயும் இப்படித்தான். பார்க்கவே ஆசையா இருக்கு."

எங்கள் குவார்ட்டர்ஸ் சங்கத்தில் பொங்கல், கார்த்திகை என்று ஏதாவது சாப்பாடு நடந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாலு தட்டு கொண்டுபோவோம். எவர்சில்வர் தட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மாறிப் போகும். அதனால் அம்மா ஒரு டஜன் தட்டின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாக அப்பாவின் இனிஷியலையும் பெயரையும் வெட்டி வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் பேர் வெட்டாத பாத்திரம் வீட்டுக்குள் வராது. படத்தை மறுபடியும் பெரிதாக்கினேன். இனிஷியல் தெளிவாக இருந்தது. பெயரின் முதல் இரண்டு எழுத்தும் இருந்தன. மற்றதை ஸ்பூனின் காம்பு மறைத்திருந்தது.

மதில், பலகை, ஏரியா, இப்போது பெயர். ஒவ்வொன்றையும் நானே என் கையால் தட்டில் பரிமாறி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. இத்தனை காலம் ஜன்னலைப் பார்த்து நக்கோ நக்கோ என்று கத்திய மனிதரின் பென்ஷனுக்கு, அவர் பெற்ற பெண்ணே உலை வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது முதலாளி அடுத்த வேலையை முடித்திருந்தார்.

புதுப் போட்டி. "தட்டில் இருக்கும் பெயர் என்ன? சரியாகச் சொல்பவருக்கு ஒரு பெட்டி நிறைய மிக்ஸ் பாக்கெட்டுகள்!" மேலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைய மின்னஞ்சலிலும் அதைச் சேர்த்து, குறுஞ்செய்தியும் அனுப்பச் சொல்லிவிட்டார். என் கண் முன்னால் அந்தப் படம் ஆயிரக்கணக்கான பேரின் பெட்டிகளுக்குப் போனது. பக்கத்தில் போட்டதையாவது அழிக்கலாம். போன மின்னஞ்சலை யார் திரும்பக் கூப்பிடுவது?

மத்தியானத்திலிருந்து ஜனங்கள் என் அப்பாவின் பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். முகம் தெரியாதவர்கள், இட்லி வெந்துகொண்டிருக்கும் நேரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதிவிட்டு, "சரியா?" என்று கேட்டார்கள். எந்தக் கேள்விக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமே. நான் உட்கார்ந்து, "இல்லை, மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்று எழுதிக்கொண்டே இருந்தேன். நாலரை மணிக்கு ஒருவர் எழுதினார். இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிசகாமல், என் அப்பாவின் பெயர். "சரியா?"

திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அப்பாவே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. "இல்லை, மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்று எழுதினேன். விரல் இரண்டு தடவை தப்பியது.

அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு காரியம் செய்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. மல்லிகைப் பூக்காரியின் கணக்கை அடியோடு அழித்துவிட்டேன். அவள் இல்லாவிட்டால் தடயம் இருக்காது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வழக்கத்துக்கு முன்பே வந்தார். சட்டையைக் கழற்றவில்லை. நேராகக் கூடத்து ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவையும் சாத்தித் தாழ் போட்டார். அம்மா காபியோடு வந்தாள். அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசினார்.

"நம்ம குவார்ட்டர்ஸ்ல இருந்து யாரோ மதிலப் படம் எடுத்து இன்டர்நெட்ல போட்டிருக்காவளாம். செக்யூரிட்டி செக்சன்ல ஒரே அமளி. காலனில யாருக்கோ ஈமெயில்ல வந்து, அவரு கொண்டு போயி காட்டிட்டாரு."

"யாரு எடுத்தாவளாம்?" என்றாள் அம்மா.

"பொம்பளயாம். மூணு வாரத்துக்கு முன்னாலதான் புதுசா வந்திருக்கா. படத்தப் போட்டுட்டு நேத்து ஆளு மாயமாயிட்டாளாம். பேரு, முகம் எல்லாம் பொய்யாத்தான் இருக்கும்னு சொல்லுதாவ. யாரு அனுப்புன ஆளோ." அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "இந்தப் பக்கத்து பிளாக்லதான் எங்கேயோ புகுந்து எடுத்திருக்கா. நம்ம வீட்டுக்கு யாரும் வந்தாளா? சேலை விக்க, மருந்து விக்கன்னு யாரும் வந்தாளா?"

"ஒருத்தரும் வரலியே" என்றாள் அம்மா.

படம் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு அசட்டுத்தனம். இல்லாத பெண் ஒருத்தி வந்து எடுத்துவிட்டு மறைந்து போனாள் என்றால் அதற்குப் பெயரே வேறு. விதை போட்டதும் நான், பிடுங்கி எறிந்ததும் நான்.

அப்பா இன்னும் முடிக்கவில்லை. "ஒரு தட்டுல பேரு வெட்டியிருக்காம். தமிழு. அவங்களுக்கு வாசிக்கத் தெரியல. நம்பிக்கையான தமிழ் ஆளு ஒருத்தர் வேணும்னு என்னைய வரச் சொல்லியிருக்காவ. திங்கக்கெழம காலைல போயி நான்தான் வாசிச்சுச் சொல்லணும்."

அதைச் சொல்லும்போது அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அவ்வளவு பேரில் அவரைத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவும் பெருமையாகப் பார்த்தாள். அவள் கொண்டுவந்து வைத்த முறுக்கு, பேர் வெட்டிய அதே செட் தட்டில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. தலை வலிக்கிறது என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சாத்தியே இருந்ததால் விளக்குப் போட்டிருந்தது. நான் எதிரில் போய் நின்றேன்.

"எப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார். முதலில் மதிலைப் பார்த்தார். பிறகு பலகையை. பிறகு கண் கீழே இறங்கித் தட்டுக்கு வந்தது. பேர் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நம்ம தட்டுல்லா இது" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொம்பள நம்ம வீட்டுக்குள்ளயா வந்திருக்கா?" என்றார்.

"அந்தப் பொம்பள நான்தான்பா."

அவருக்குப் புரியவில்லை. இல்லாத ஒருத்தியின் பெயரில் நான் ஏன் உப்புமா சாப்பிட வேண்டும் என்று அவருக்குப் புரிய வைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. கடைக்காரனுக்காக வாடிக்கையாளர்களை உண்டாக்குவோம் என்றேன். "ஏமாத்துதியளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு அறை விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய் வேலைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வா, போவோம். அவங்க கண்டுபிடிச்சு வர முன்னால நம்மளே போயிச் சொல்லிரணும்."

"வேலை போயிருமாப்பா?"

"தெரியலட்டி" என்றார். அப்பாவுக்குத் தெரியாத விஷயமும் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வெளி கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது பாதுகாப்பு அலுவலகம். அதிகாரி வடக்கத்திக்காரர். இந்தியில்தான் பேசினார். சத்தம் போடவில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என் எதிரில் அந்தப் படத்தின் அச்சுப்பிரதி இருந்தது. தட்டின் விளிம்பைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"இந்தப் பெண் யார்?"

"அப்படி ஒரு பெண் இல்லை சார்."

"இல்லாத பெண் எப்படி உங்கள் ஜன்னலில் நின்று படம் எடுத்தாள்?"

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். அந்தப் படத்துக்குக் கீழே பாராட்டி எழுதியவர்களில் யார் யார் இல்லாதவர்கள் என்று கேட்டார். ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். நான் எழுதினேன். எங்கள் அலுவலகத்து ஆட்களின் விதைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் நிறைந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். என் வேலை என்ன என்று அவர் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

"ஜன்னல் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்று உங்கள் பெண்ணுக்குச் சொல்லவில்லையா?" என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார்.

சொல்லியிருந்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆல்பம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. அப்பா எழுந்து நின்றுகொண்டு தன் உடைந்த இந்தியில் சொன்னார்: "வீடு என் பெயரில் கொடுத்தது சார். ஜன்னலும் என்னுடையதுதான்."

அதிகாரி போனை எடுத்து நாச்சாரத்துக்கும் பேகம்பேட்டுக்கும் பேசினார். நான் மூன்று நாளாகக் கெஞ்சியும் போகாத படம், பத்து நிமிடத்தில் போய்விட்டது. போட்டியும் போனது. என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என்ன ஆகும் சார் என்று கேட்டேன். மேலே அனுப்புவோம் என்றார். திங்கட்கிழமை யாரும் வந்து தட்டை வாசிக்க வேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொன்னார்.

அதன் பிறகு இரண்டு வாரம். தபால்காரர், சிலிண்டர்காரர், யார் பெல் அடித்தாலும் அம்மாதான் திறப்பாள். நான் உள்ளறைக்குப் போய் நிற்பேன். அப்பா வழக்கம்போலப் போனை ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் போனார், வழக்கம்போல வந்தார். எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் ஆபீஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு நாள் அவர் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைக்கும்போதும் எனக்குள் ஒரு மூச்சு இறங்கும்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். போனை எடுத்தார். ஃப்ரிட்ஜ் பக்கம் இரண்டு அடி நடந்தார், பழக்கத்தில். பிறகு நின்று, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள்.

வேலை போகவில்லை, பென்ஷனும் போகவில்லை. ஓய்வு பெறும் வரையில் அவரை வெளி கேட்டுப் பக்கத்துப் பழைய ஸ்டோர் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அன்று காலை எனக்குத் தெரிந்தது, அவர் இனி உள்ளே இல்லை என்பது மட்டும்தான்.

அலுவலகத்தில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. பதினொரு மணிக்கு மாடிப்படிக்கு வந்து அப்பாவின் எண்ணை அழுத்தினேன். பகலில் அந்த எண்ணை அழைத்தால் எப்போதும் அம்மாதான் எடுப்பாள். முதல் மணியே முழுதாக அடிக்கவில்லை. அதற்குள் எடுத்துவிட்டார்.

"சொல்லுட்டி" என்றார் அப்பா. "சும்மாதான் இருக்கேன்."